ஐந்து மணி மருந்து

“பேஷண்டுக்கு நீ என்னம்மா வேணும்?”

இந்தக் கேள்வி வரும் என்று லாவண்யா நினைக்கவே இல்லை. வார்டில் அழக்கூடாது, அவன் முகம் எப்படி இருந்தாலும் முகம் சுளிக்கக்கூடாது என்று ஷேர் ஆட்டோவில் வரும் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். வாசலில் மேசை போட்டு, நீள நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, வாட்ச்மேன் மாரிசாமி உறவு கேட்பார் என்று யார் கண்டது?

“உன்னத்தாம்மா. பின்னால எத்தினி பேரு நிக்கிறாங்க பாரு. முனிராஜுக்கு நீ என்னா வேணும்?”

“ஒரே கம்பெனிங்க.”

“கம்பெனின்னா கெளம்பு. ஃப்ரெண்டு, பக்கத்து வூடு, கம்பெனி, கட்சி, ஒருத்தரையும் தீக்காய வார்டுல வுடக்கூடாது. சொந்தக்காரங்க மட்டும்தான். அதுலயும் ரத்த சொந்தம். காலைல ஒருத்தரு, சாயங்காலம் ஒருத்தரு, பத்து நிமிசம். சொந்தமா, இல்லியா?”

அவர் பார்வை அவள் கழுத்துக்குப் போய்விட்டுத் திரும்பியது. அங்கே கவரிங் செயின் தவிர ஒன்றுமில்லை. அதோடு, சொல்லக்கூடிய பதில்களில் ஒன்று குறைந்துபோயிற்று. பின்னால் ஒருவர் செருமினார். இன்னொருவர், “சீக்கிரம் ஆவட்டும்மா, அஞ்சு மணி ஆவுது” என்றார்.

“தங்கச்சிங்க” என்றாள் லாவண்யா.

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் மாரிசாமி அதற்குள் பேனாவைத் திருப்பி அவள் கையில் கொடுத்துவிட்டார். உறவு என்ற கட்டத்தில், தன் கையெழுத்திலேயே, தங்கை என்று எழுதினாள்.

அந்த உறவை அவள் எத்தனை பாடுபட்டுத் தவிர்த்து வந்தாள் என்பது மாரிசாமிக்குத் தெரியாது.

முனிராஜ், ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள பேரிகை ஊர்க்காரன். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், கம்பெனியில் தமிழ். மூன்றையும் ஒரே சத்தத்தில்தான் பேசுவான். கார் சீட்டுக்குள் வைக்கிற ஸ்பாஞ்சு செய்யும் கம்பெனி அது. ப்ளோயர் இரைச்சலில் மற்றவர்கள் எல்லாம் கையைக் காட்டிப் பேசிக்கொள்ளும்போது அவன் ஒருவன்தான் வாயால் பேசுவான். நாலு மெஷின் தள்ளி நிற்கிற லாவண்யாவுக்கு அவன் சிரிப்பது கேட்கும்.

லாவண்யா அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே கூட இருந்த பெண்கள் சொல்லிக்கொடுத்தது, ஆம்பளை என்று எவன் எதிரே வந்தாலும் ஒரு ‘அண்ணே’ போட்டுவிடு என்பதுதான். அது ஹெல்மெட் மாதிரி. போட்டுக்கொண்டால் ஒரு தொந்தரவும் இல்லை. மோகன்குமார் அண்ணே, சூப்பர்வைசர் கமலக்கண்ணன் அண்ணே, கேன்டீன் பெருமாள் அண்ணே. ஒருத்தனை மட்டும் விட்டுவிட்டாள். ஆறு மாதம் கழித்து அவன் அதைக் கண்டுபிடித்துவிட்டான்.

“ஏம்மா அருப்புக்கோட்டை, ஓசூர்ல இருக்கிற ஆம்பளைங்க எல்லாம் உனுக்கு அண்ணன். நான் மட்டும் என்னா பாவம் பண்ணேன்?”

“என்ன பண்ணினீக?”

“ஒரு நாளாச்சும் என்னை அண்ணேன்னு கூப்ட்டிருக்கியா?”

“வாயில வரலை.”

“வரலியா, வர வுடலியா?”

“வரலைங்கேன்ல. வேலையப் பாருங்க.”

அவன் சிரித்த சிரிப்பில் கமலக்கண்ணன் எட்டு மெஷின் தள்ளித் திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு இரண்டு வருடமாக, சிப்காட் பஸ் ஸ்டாப்பில் அவர்கள் பேசியதெல்லாம் கூப்பிடாமல் விட்ட அந்த ஒரு சொல்லின் மேல் கட்டியதுதான். “ஆடி முடியட்டும், அம்மாகிட்ட சொல்லிடுறேன்” என்றிருந்தான். ஆடி முடிய நாலு நாள் இருக்கும்போது ஸ்பாஞ்சு கிடங்கில் தீப்பிடித்தது.

உள்ளே இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று யாரோ கத்தினார்கள். ஒருவனை இழுத்துக்கொண்டு வந்துபோட்டுவிட்டு முனிராஜ் மறுபடி உள்ளே போனான். இரண்டாமவன் அதற்குள் பின்கதவு வழியாகத் தப்பித்து, வெளியே நின்று இருமிக்கொண்டிருந்தான். அது முனிராஜுக்குத் தெரியாது. ஸ்பாஞ்சு எரிகிற கருப்புப் புகையில், இல்லாதவனைத் தேடிக்கொண்டு நின்றான். இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோயிற்று. அதைவிட மோசம் உள்ளே போன புகை. இரண்டு நாள் தொண்டைக்குள் குழாய் போட்டு வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டுத்தான், காலை ஷிப்டு முடித்து, குளித்து, லாவண்யா ஓடி வந்தாள்.

பச்சை கவுன், தொப்பி, வாய்க்கு ஒரு துணி. கதவிலிருந்து மூன்றாவது கட்டில். நர்ஸ் ஜோதிமணி ஒரு சின்னக் குப்பிக்குள் மருந்தை ஊற்றி, அதை மாஸ்க்கின் அடியில் திருகிக்கொண்டிருந்தாள். அழுகின முட்டை நாற்றம் அடித்தது.

“முகத்தைச் சுளிக்காதீங்க, மருந்தோட வாடை அது” என்றாள் ஜோதிமணி. “மூச்சுக்குழாயில கரி அப்பியிருக்கு. சளி கட்டிதட்டிப்போய் அடைச்சிக்கும். இது அதைக் கரைக்கிற மருந்து. அடுத்ததா இன்னொண்ணு, ரத்தம் உறையாம இருக்க ஊசியில போடுவாங்கல்ல, அதையே ஆவியாக்கி உள்ள விடுறோம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஏழு நாளைக்கு.”

“பேசுவாகளா, சிஸ்டர்?”

“பேசவே கூடாது. குரல்வளை வீங்கிக் கெடக்கு. காத்துதான் வரும், சத்தம் வராது.” பிறகு கட்டில் பக்கம் குனிந்து, காது கேளாதவனிடம் சொல்வதுபோல உரக்கச் சொன்னாள். “முனிராஜ்! கண்ணைத் தொறங்க. யாரு வந்திருக்காங்க பாருங்க. உங்க தங்கச்சி!”

அவன் கண்ணைத் திறந்தான். இமை வீங்கியிருந்தது, புருவம் பொசுங்கியிருந்தது. அவளைப் பார்த்தான். அந்தக் கண் அவனுடையதுதான் என்று லாவண்யாவுக்கு ஒரு நிம்மதி வருவதற்குள், தலையை இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்டினான். கட்டுப் போட்ட கையைத் தூக்கி மாஸ்க்கை இடித்துத் தள்ளினான். குப்பி சாய்ந்து மருந்து கழுத்தில் வழிந்தது. வாயைத் திறந்தான். சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குவதுபோல ஏதோ வந்தது. அப்புறம் இருமல், நிற்காத இருமல்.

“போதும், நீங்க வெளிய இருங்க” என்றாள் ஜோதிமணி.

வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா பூவம்மாள் சமாதானம் சொன்னாள். “அழுவாத கண்ணு. வெள்ளையா ஆவி வருதில்ல, அது புகையாட்டம் தெரிஞ்சிருக்கும். புகையில மாட்டினவன் பயப்புடாம என்னா செய்வான்? நாளைக்குச் சரியாப் போயிடும்.”

மறுநாள் சனிக்கிழமை. அதே ஐந்து மணி, அதே மருந்து, “உங்க தங்கச்சி வந்திருக்காங்க.” அவன் தலையை ஆட்டினான், மாஸ்க்கைத் தள்ளினான். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. அவள் ஒன்றும் பேசவில்லை. பேசினால் அழுகை வரும் என்று பயந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். கவுனைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தாலும் அந்த முட்டை நாற்றம் அவள் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அறையில் கூட இருக்கும் பெண்கள் மூக்கைப் பிடித்தார்கள். மூன்று நாளாக அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. அவனிடமிருந்து அவளுக்குக் கிடைத்தது அதுதான்.

திங்கட்கிழமை ஜோதிமணி அவளைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்தினாள்.

“உங்களுக்கும் உங்க அண்ணனுக்கும் ஏதாவது தகராறா?”

“இல்லையே சிஸ்டர்.”

“புகைன்னு பயப்படுறாருன்னு நெனச்சோம். ஆனா காலைல ஒம்பது மணிக்கு வெச்சா பச்சப்புள்ள மாதிரி இழுத்துக்கிறாரு. ஒரு மணிக்கும் அப்படித்தான். உங்களைப் பார்த்தாத்தான் ஆளு கொந்தளிக்கிறாரு. நீங்க போனப்புறம் மூச்சு வாங்கி, ஒம்பது மணி மருந்தும் சரியா எறங்கறதில்ல. நேத்து ராத்திரி சளி கட்டியா வந்துது. டாக்டர் என்ன சொல்றாருன்னா, அடைப்பு வந்தா மறுபடி குழாய் போடணும். இல்லாட்டி தொண்டையில ஓட்டை போட்டு பெங்களூருக்கு அனுப்பணும். அப்புறம் குரல் வருமா வராதான்னு யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. அதனால நாளையிலேருந்து நீங்க வராதீங்க. அம்மா மட்டும் வரட்டும்.”

“என்னைய வேண்டாங்கிறாரா?”

“தலைய ஆட்டுறாரே, அதுக்கு வேற என்ன அர்த்தம்?”

லாவண்யா பஸ் ஏறவில்லை. நடந்தே போனாள். இரண்டு வருடம் அந்தக் குரல் அவளைக் கூப்பிட்டிருக்கிறது, கேலி செய்திருக்கிறது, பாகலூர் ரோட்டு நெரிசலில் தூரத்திலிருந்து “நில்லு, நில்லு!” என்று கத்தியிருக்கிறது. அந்தக் குரல் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான் மூன்று நாளாக அழுதுகொண்டிருந்தாள். குரலைக் கெடுப்பதே தான்தான் என்றால்? தன்னை அவன் வேண்டாம் என்கிறான் என்றால்? ஒரு வார்த்தை, திட்டாகவே இருக்கட்டும், அவன் வாயால் கேட்டுவிட்டால் போதும் போல இருந்தது.

வராதே என்றால் வராமல் இருக்க முடிகிறதா? செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்கே வந்துவிட்டாள். உள்ளே போக இல்லை; வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று. பெஞ்சில் ஏற்கெனவே ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான உடம்பு, நூல் புடவை, மடியில் பிளாஸ்டிக் பை. இவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

“நீதானா என் பொண்ணு?”

லாவண்யா திருதிருவென்று விழித்தாள்.

“நான் மாரம்மா. முனிராஜு ஆத்தா. நர்ஸம்மா காலைல சொல்லிச்சு. ‘உங்க பொண்ணு தெனம் சாயங்காலம் வந்துட்டுப் போவுது, தங்கமான பொண்ணு, ஆனா அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் என்னமோ சண்டையாட்டம் இருக்குது’ன்னு. தேவுடா! நான் பெத்தது ஒண்ணே ஒண்ணு. எனக்கே தெரியாம எனக்கு ஒரு பொண்ணு பொறந்து, வளந்து, சண்டையும் போட்டுகினு இருக்குதே, பாத்துட்டுப் போலாம்னு மூணரை பஸ்ஸ வுட்டுட்டுக் குந்திகினு இருக்கிறேன்.”

“தப்புதாங்க, அ...” என்று ஆரம்பித்து லாவண்யா நிறுத்திக்கொண்டாள். அம்மா என்றால் மறுபடியும் தங்கச்சியாகிவிடுவாள். அத்தை என்று கூப்பிட யார் உரிமை கொடுத்தது? “தப்புதாங்க” என்றே மறுபடி சொன்னாள். “கம்பெனின்னா விடமாட்டோம்னாக. வேற வழி தெரியலை.”

“கம்பெனில கூட வேலை செய்யறியா?”

“ஆமாங்க.”

“அங்கயும் அவன அண்ணான்னுதான் கூப்புடுவியா?”

“இல்லைங்க.” லாவண்யா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “எல்லாரையும் அண்ணேம்பேன். அவுகள மட்டும் கூப்பிட்டதில்லை. ஒரு நாள்கூட.”

மாரம்மா பையிலிருந்து வெற்றிலையை எடுத்தாள். ஆஸ்பத்திரி என்று நினைவு வந்து மறுபடி உள்ளே வைத்தாள்.

“அவனுக்கு அது தெரியுமா? நீ கூப்புடாதது?”

“அதைச் சொல்லித்தான் கேலி பண்ணுவாக.”

“அவுனா, அப்பிடியா?” மாரம்மாவின் முகத்தில் சிரிப்பா கோபமா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று ஓடியது. “இத்தினி நாளா வாயில வராத ஒறவை நோட்டுல எழுதி வெச்சுட்டு, அந்த நர்ஸம்மா தெனம் அவன் காதுல ‘தங்கச்சி, தங்கச்சி’ன்னு தமுக்கு அடிச்சா, அவன் என்னாடி பண்ணுவான்? வாயில சத்தம் இல்ல. கை ரெண்டுலயும் கட்டு. ஆட்டறதுக்கு அவனுக்கு மிச்சம் இருக்கிறது தலை ஒண்ணுதான்.”

லாவண்யா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவனைப் பார்த்த மூன்று நாளும் கண் முன்னால் வந்தது. அவளைப் பார்த்ததும் அவன் தலையை ஆட்டவில்லை. பார்த்தான், முதலில் பார்க்கத்தான் செய்தான். அந்தச் சொல் விழுந்த பிறகுதான் ஆட்டினான். மாஸ்க்கைத் தள்ளியது மருந்து வேண்டாம் என்பதற்கில்லை. வாய் வேண்டும் என்பதற்கு. அந்தச் சைக்கிள் டியூப் காற்று ஒரு வார்த்தை. இல்லை என்ற ஒரே வார்த்தை. அதைச் சொல்வதற்காக, இருக்கிற கொஞ்சம் குரலையும் செலவழித்துக்கொண்டிருந்தான்.

“மாமன் பொண்ணுன்னு எழுதியிருந்தா ஆவாதா?” மாரம்மா விடவில்லை. “எந்த மாமனுக்குப் பொறந்தவன்னு வாட்ச்மேனு கேக்கப் போறானா? படிச்ச பொண்ணுதானே நீ?” என்றவள், தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தவள்போல, முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டாள். “நான் ஒண்ணும் சரின்னு சொல்லல. சும்மா பேச்சுக்குச் சொன்னேன்.”

மணி ஐந்தாக ஏழு நிமிடம் இருந்தது. ஜோதிமணி மருந்துத் தட்டோடு வந்தாள். லாவண்யாவைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது.

“உங்களை வராதீங்கன்னு சொன்னேனே?”

“சிஸ்டர், நான் சிஸ்டர் இல்லை.”

“நீங்க சிஸ்டர் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? இந்த வார்டுல நான்தான் சிஸ்டர்.”

“அதில்லை சிஸ்டர். நான் அவுகளுக்குத் தங்கச்சி இல்லை. பொய் எழுதினேன்.”

ஜோதிமணி தட்டை இறக்கிப் பிடித்தாள். மாரம்மாவைப் பார்த்தாள். மாரம்மா சுவரைப் பார்த்தாள்.

“இதை எங்கிட்ட ஏம்மா சொன்னே?” என்றாள் ஜோதிமணி, குரல் தாழ்த்தி. “தெரியாத வரைக்கும் சரி. தெரிஞ்சப்புறம் உன்னை உள்ள விட்டேன்னு வை, என் வேலைக்கு ஆபத்து. இனிமே நீ அந்தக் கதவைத் தாண்ட முடியாது. புரியுதா?”

“புரியுது. விட வேண்டாம் சிஸ்டர்.” லாவண்யா நிறுத்தாமல் சொன்னாள். “அவுகம்மா போகட்டும். நீங்க மட்டும் ஒண்ணு செய்யுங்க. தங்கச்சி வந்திருக்கான்னு இனிமே சொல்லாதீக. அந்தப் பொண்ணு தங்கச்சி இல்லையாமே, அவளே சொல்லிட்டாளாமேன்னு சொல்லுங்க. மருந்தைத் தள்ளமாட்டாக.”

“வேற யாருன்னு கேட்டா?”

“கேக்கமாட்டாக.”

ஜோதிமணி அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு, “அம்மா, கவுனைப் போடுங்க” என்று மாரம்மாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டக் கண்ணாடி. லாவண்யா அதில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். பச்சைக் கவுனுக்குள் மாரம்மா இன்னும் சின்னதாகத் தெரிந்தாள். ஜோதிமணி குப்பியைத் திருகினாள், மாஸ்க்கைப் போட்டாள், குனிந்து பேசினாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. வாய்த்துணி அசைவது மட்டும் தெரிந்தது.

முனிராஜ் அசையாமல் கிடந்தான். அவன் கட்டுக்கை மெத்தையை விட்டு எழும்பவில்லை. தலை மட்டும் மெல்ல, ஒரே ஒரு தடவை, மேலும் கீழும் அசைந்தது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டான். மாஸ்க்கின் இரண்டு பக்கமும் வெள்ளை ஆவி கசிந்து தலையணைமேல் படர்ந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் லாவண்யாவும் அதே கணக்கில் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கும்போதெல்லாம் துப்பட்டாவால் துடைத்தாள். பத்து நிமிடம். ஒரு சொட்டு மருந்து வீணாகவில்லை.

மாரம்மா வெளியே வந்து கவுனைத் தலைவழியாக உருவிப் போட்டாள். கண் சிவந்திருந்தது.

“என்ன சொன்னாக?” என்றாள் லாவண்யா.

“பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல, என்னாத்தச் சொல்லுவான்? மூச்சு வுட்டான். முழுசா வுட்டான்.” மாரம்மா பையை எடுத்துக்கொண்டாள். “இன்னும் ரெண்டு நாள் மருந்தாம். அதுக்கப்புறம் ஒரு வாரம் போனாத்தான் சத்தம் வருதான்னு பாப்பாங்களாம். வந்தாலும் பழைய கொரலு இருக்குமோ, கரகரன்னு இருக்குமோ, சொல்ல முடியாதாம்.”

“கரகரன்னு இருந்தா என்ன?”

“எனக்கு ஒண்ணும் இல்ல. கேக்கப் போறவளுக்குத்தான்” என்றாள் மாரம்மா, அவளைப் பார்க்காமல்.

இருவரும் ஆஸ்பத்திரி வாசல் வரை நடந்தார்கள். பேரிகை பஸ் ஐந்தே முக்காலுக்கு. ரோட்டைத் தாண்டும்போது மாரம்மா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தாண்டிய பிறகு விட்டுவிட்டாள். பஸ் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு, ஏதோ மறந்தவள்போலத் திரும்பினாள்.

“நாளைக்கு எந்நேரம் ஷிப்டு வுடுவாங்க உனுக்கு?”

“ரெண்டு மணிக்குங்க.”

“அஞ்சு மணிக்கு வந்து அந்தக் கண்ணாடிகிட்ட நில்லு. உள்ளதானே வுடமாட்டாங்க? வெளிய நிக்கறதுக்கு ஒறவு கேக்கமாட்டாங்க.” கண்டக்டர் விசில் ஊதினார். மாரம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினாள். “மருந்து முடிஞ்சதும் அவன் செவுத்தைப் பாத்துப் படுத்துகினான். நாளைக்குக் கதவுப் பக்கம் திரும்பிப் படுடான்னு சொல்லிட்டு வந்திருக்கிறேன்!”